தறி காணாத துணி

அண்ணாச்சி மஞ்சப்பையிலிருந்து எடுத்து பெஞ்சில் வைத்ததைப் பார்த்ததும், கைக்குழந்தைக்கு வாங்கிய குல்லாய் என்றுதான் நினைத்தேன். இல்லை, அது அவருடைய குல்லாய். மகன் காஷ்மீர் போயிருந்தபோது வாங்கிவந்தது. அசல் கம்பளி. மார்கழிப் பனியில் விடியற்காலைத் தறிக்குப் போகும்போது காதை மூடிப் போட்டுக்கொள்வார். வீட்டில் அதை வேட்டி துண்டோடு சேர்த்து வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் ஓட்டிவிட்டார்கள். வெளியே வந்தது இது. பேரன் தலைக்குக்கூட இறுக்கம். அட்டை மாதிரி கெட்டி. பின்னல் கண்கள் இருந்த தடமே இல்லை.

"நாப்பது வருசமா நூலும் பாவுமாத்தான் கிடக்கேன். இப்படி ஒரு சுருக்கத்தப் பார்த்ததில்ல தம்பி. இழுத்தா வருமா?"

"பழைய அளவுக்கு வராது அண்ணாச்சி. ஆனா இது கெட்டுப்போகல. வேற துணியா மாறியிருக்கு. இதுக்கு ஃபெல்ட்னு பேரு."

கழுகுமலை போகும் ரோட்டில் இருக்கிற அந்தக் கடையில் உட்கார்ந்தால் நாலு பக்கமும் தறிச் சத்தம்தான் கேட்கும். சங்கரன்கோவிலில் துணி என்றால் பாவும் ஊடையும். நீளவாக்கில் ஓர் இழை, குறுக்குவாக்கில் ஓர் இழை, நடுவே ஓடும் நாடா. அப்படி ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, நூலே நூற்காமல், தறியே ஏற்றாமல், ஊசிகூட எடுக்காமல் ஒரு துணி உண்டு, அதில்தான் உலகத்தின் பாதித் தொப்பிகள் பிறந்தன என்று சொன்னால் யாரும் உடனே நம்பமாட்டார்கள். அண்ணாச்சியும் நம்பவில்லை. இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

டீ மாஸ்டர் கையில் இருந்த வடிகட்டித் துணியைக் காட்டினேன். பருத்தி. காலை நாலு மணியிலிருந்து ராத்திரி வரை கொதிக்கிற தண்ணீரில் கிடக்கிறது. முக்குகிறார், பிழிகிறார், தட்டுகிறார். மாதக்கணக்கில் இதே வேலை. கறை ஏறுகிறது, நைந்து கிழிகிறது. ஆனால் கெட்டித்து அட்டையாவதில்லை. அதே இடத்தில் ஒரு கம்பளித் துணி இருந்திருந்தால் ரெண்டு நாளில் டீ இறங்கவே இறங்காது. வெந்நீர் அதே வெந்நீர்தான். வித்தியாசம் இழையில் இருக்கிறது.

பருத்தி இழை முறுக்கிய நாடா மாதிரி. மேலே வழவழப்பு. ஆட்டுக் கம்பளி இழையின் மேலோ மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் உண்டு. எல்லாச் செதிலும் ஒரே திசையில், வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். நம் தலைமயிரிலும் இதே கதைதான். பார்க்க வேண்டுமானால் உதிர்ந்த நீள முடி ஒன்றை எடுத்து, நடுவில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகத்தான் உருட்டுகிறோம். முடி மட்டும் ஒரே பக்கம், வேர்ப்பக்கமாகவே நகர்ந்துகொண்டு போகும்.

அண்ணாச்சிக்கு முடி தேட வேண்டியிருக்கவில்லை. அவருக்கு ஊசிப்புல் போதும். கரிசல் காட்டில் ஒரு தடவை குறுக்கே நடந்தவர்களுக்குத் தெரியும், வேட்டியில் ஏறிய ஊசிப்புல் விதை முன்னாலேதான் போகும், பின்னால் வராது. நாம் நடக்க நடக்க அது உள்ளே ஏறும். கம்பளியில் லட்சக்கணக்கான இழைகள் ஒன்றுக்கொன்று ஊசிப்புல். சூடும் ஈரமும் பட்டால் இழை இளகி வளையும். சோப்பு வழுக்கிக் கொடுக்கும். அப்போது தேய்த்தாலும் கசக்கினாலும் ஒவ்வோர் இழையும் தன் வேர்ப்பக்கமாக ஊர்ந்து அடுத்ததற்குள் நுழையும். நுழைந்தது திரும்பி வர முடியாமல் செதில்கள் மாட்டிக்கொள்ளும். இடைவெளி குறையக் குறையத் துணி சுருங்கும், தடிக்கும். வாஷிங் மெஷின் தெரியாமல் செய்ததும், தொப்பிக்காரர் தெரிந்து செய்வதும் இதுவே.

இதற்குத் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. சடை பிடித்தல். எண்ணெயும் சீப்பும் காணாத தலைமுடி ஒன்றோடொன்று புகுந்து திரண்டு சடையாகிறதே, அதுவேதான். ஃபெல்ட் என்பது திட்டமிட்டுப் பிடிக்கவைத்த சடை. நம் ஊர்க் கோயிலில் நிற்கிற சங்கரநாராயணர் தலையில் ஒரு பாதி சிவனுக்குரிய சடைமுடி, மறுபாதி திருமாலுக்குரிய கிரீடம். ஆயிரம் தடவை தரிசித்த அந்தத் திருமுடியைப் பற்றி, கம்பளி வேலையைப் படித்த பிறகு எனக்கு வேறு நினைப்பு ஓடுகிறது. மயிர் தானாகத் திரண்டது ஒரு பக்கம், கை வடித்தது இன்னொரு பக்கம். ஃபெல்ட் தொப்பி இந்த இரண்டும் சேர்ந்த பொருள். இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்தார்.

ஃபெல்டுக்கு வயது அதிகம். சீனாவின் ஷின்ஜியாங்கில், தக்லமக்கான் பாலைவனத்தில் சியாவ்ஹே என்ற இடுகாட்டில் கிடைத்த பெண்ணுடல் ஒன்றின் தலையில் வெள்ளை ஃபெல்ட் தொப்பி இருந்தது. செருகிய இறகோடு. 3,500 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. ருஷ்யாவின் அல்தாய் மலையில் பசிரிக் கல்லறைகளைத் தோண்டிய செர்கே ருதென்கோ, 2,000 ஆண்டுகளுக்கு மேல் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த ஃபெல்ட் விரிப்புகளை நிறம் மங்காமல் எடுத்தார். கிர்கிஸ்தானில் ஆண்கள் அணியும் வெள்ளைத் தொப்பி அக்-கல்பாக். வெள்ளை ஃபெல்டை நாலு துண்டாக வெட்டிச் சேர்ப்பது. அதைச் செய்யும் அறிவை 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். துருக்கியின் கொன்யாவில் மெவ்லவி தர்வீஷ்கள் என்கிற சூஃபிகள் சுழலும்போது தலையில் இருக்கும் உயரமான குல்லாயும் ஃபெல்ட். அகந்தைக்கு வைத்த நடுகல் என்று அதற்கு அவர்கள் பொருள் சொல்கிறார்கள். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படங்களில் பெரியவர்கள் அணிந்திருக்கும் சிவப்புத் துருக்கித் தொப்பி, அதுவும் ஃபெல்ட்தான். துருக்கியிலேயே அதை 1925 நவம்பரில் சட்டம் போட்டு விலக்கிவிட்டார்கள்.

"நம்ம நாட்டுல யாரு செய்தா?" என்றார்.

காஷ்மீரில் நம்தா என்று ஒரு விரிப்பு. ஃபெல்ட். அதன்மேல் கொக்கி ஊசியால் பூவேலை செய்வார்கள். ராஜஸ்தானில் டோங்க், குஜராத்தில் கட்ச் ஆகிய இடங்களிலும் நம்தா உண்டு. கட்சில் குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் சேணத்தின் கீழே போட அதைத்தான் செய்தார்கள். செய்தவர்கள் பிஞ்சாரா, மன்சூரி சமூகத்தார். பிஞ்சாரா என்றால் பஞ்சு கொட்டுகிறவர். நம் தெருவில் தோளில் பெரிய வில்லோடு வந்து, நாண் அதிர அதிர மெத்தைப் பஞ்சை நுரையாக்கிக் கொடுப்பார்களே, அதே தொழில். அந்த வில் சாதாரணமானதில்லை. ஐரோப்பாவில் தொப்பிக்காரர்களும் ரோமத்தைப் பறக்கவிட்டுச் சீராகப் படியவைக்க உத்தரத்தில் தொங்கவிட்ட ஒரு வில்லைத்தான் மீட்டினார்கள். எங்கோ இருக்கிற இரண்டு தொழில்களுக்கு ஒரே கருவி.

ஆனால் தொப்பி என்று கேட்டால் நான் கைகாட்டுவது அருணாசலப் பிரதேசத்தை. தவாங் பக்கம் மோன்பா மக்கள் யாக் மாட்டின் மயிரைத் திரட்டி ஒரு கறுப்புக் குல்லாய் செய்கிறார்கள். கோயிலில் சுவாமிக்கு வீசுகிற வெண்சாமரம் அந்த மாட்டின் வால்மயிர்தான். நம் பழம்பாடல்களில் வரும் கவரி இதுவே என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. அந்தக் குல்லாயின் விளிம்பிலிருந்து விரல் விரலாகச் சில வால்கள் தொங்கும். அழகுக்கு என்று நினைப்போம். மழைத்தண்ணீர் அந்த வால்கள் வழியாக இறங்கி, முகத்திலும் கழுத்திலும் படாமல் தள்ளிச் சொட்டும். எல்லைக்கு அப்பால் பூடானில் மெராக், சக்தெங் பக்கத்து மேய்ப்பர்களும் இதையே அணிகிறார்கள். ஓட்டு வீட்டுக்கு இறவாணம் மாதிரி, தலைக்கு ஓர் இறவாணம். மழையில் மாடு மேய்க்கிறவர் தவிர வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. நம் பக்கத்தில் அதே தேவைக்குச் சாக்கை மூலை மடித்துக் கொங்காணி போட்டோம்.

இனி செய்முறை. அண்ணாச்சிக்கு அதுதான் முக்கியம். தொழில்காரருக்குக் கதை பாதி டீ வரைக்கும்தான்.

முதலில் கம்பளியைக் கழுவ வேண்டும். வெட்டியெடுத்த கம்பளியில் ஆட்டின் கொழுப்பும் வியர்வையும் மண்ணும் கலந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்காமல் ஊறவைத்து எடுக்க வேண்டும். கசக்கினால் அங்கேயே சடை பிடித்துவிடும். இமயமலைப் பக்கம் இதற்குப் பூந்திக்கொட்டை போடுவார்கள். பிறகு சிக்கெடுத்து, வாரி, மேகம் போலப் பஞ்சாக்க வேண்டும்.

அடுத்தது அளவு. இங்கேதான் புதிதாகச் செய்கிறவர்கள் தோற்கிறார்கள். தலைச்சுற்று 57 சென்டிமீட்டர் என்று வையுங்கள். தட்டையாகப் படுக்கவைத்தால் பாதி, 28.5. ஆனால் கம்பளி மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று கணக்கு வைத்தால், ஆரம்பத்தில் 43 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். அந்த அளவில் கோயில் மணி வடிவத்தில் ஒரு தகடு வெட்டுவார்கள், கெட்டித் துணியிலோ பிளாஸ்டிக்கிலோ. அதன்மேல் கம்பளியை மெல்லிய இதழ் இதழாக அடுக்குவார்கள். முதல் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில், மறுபடி நீளவாக்கில்.

"பாவும் ஊடையுந்தானே!" என்றார் அண்ணாச்சி.

ஆமாம். பின்னாத பாவு, பின்னாத ஊடை. அடுக்கின்மேல் சூடான சோப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தொட்டும் தொடாமலும் அமுக்க வேண்டும். முதல் கால்மணி நேரம் குழந்தைக்கு எண்ணெய் தடவுகிற கை. தகட்டைத் திருப்பிப்போட்டு, விளிம்பில் நீண்டிருக்கும் இழைகளை மடித்து, மறுபக்கமும் அதேபோல அடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்ந்து நடுவில் தையலே இல்லாத ஒரு பை உருவாகும். தோல் போலப் படிந்த பிறகு கை அழுத்தம் கூடலாம். பிறகு பாயில் வைத்துச் சுருட்டி உருட்ட வேண்டும். காஷ்மீரில் நாணல் பாயில் நம்தாவைச் சுருட்டிக் காலால் மிதித்து உருட்டுவார்கள். நம் பத்தமடைக் கோரைப்பாயும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். நீளவாக்கில் உருட்டினால் நீளம் சுருங்கும், குறுக்கே உருட்டினால் அகலம் சுருங்கும். நாலு பக்கமும் மாற்றி மாற்றி, மணிக்கணக்கில். கை வலிக்கிற நேரத்தில்தான் துணி உருவாக ஆரம்பிக்கும். அவசரப்பட்டு முன்னாலேயே அழுத்தினால் மடிப்பு விழும். விழுந்த மடிப்பு சடையாகிவிட்டால் பிறகு போகாது.

கெட்டித்ததும் அடிப்பக்கத்தை வெட்டித் தகட்டை உருவினால், ஒரு மணி வடிவக் கூடு கையில் இருக்கும். அதைச் சுடுநீரில் முக்கி, ஆவி காட்டி, மர அச்சின்மேல் இழுத்து மாட்டிக் கயிற்றால் கட்டுவார்கள். சூட்டோடு ஈரத்தோடு இருக்கும்போது ஃபெல்ட் சொன்னபடி கேட்கும். காய்ந்துவிட்டால் அந்த உருவத்தை மறக்காது. நெய்த துணியை வெட்டித் தைத்துத்தான் தலைவடிவம் வரும். ஃபெல்டோ தையலில்லாமல் உருண்டை வடிவம் எடுக்கும். தொப்பிக்காரர்கள் உலகம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இந்த ஒரு குணம்தான் என்று நினைக்கிறேன்.

விளிம்பு விறைப்பாக நிற்க வேண்டுமானால் கஞ்சி வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடுகிற ஊரில் இதை விளக்கவே வேண்டாம். ஐரோப்பியத் தொப்பிக்காரர்களின் கஞ்சி நம் நாட்டு அரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் புரச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி கக்கும் பிசின். ஸ்பிரிட்டில் கரைத்து, நம் தச்சர்கள் மரத்துக்குப் பூசுகிற அதே பொருள். தக்காணத்தில் குரும்பர்கள் கம்பளி நெய்யும்போது இழைக்குப் போடும் கஞ்சியோ புளியங்கொட்டைப் பசை.

கம்பளி, அரக்கு, புளியங்கொட்டை, எல்லாம் இயற்கைப் பொருள்தானே என்று தோன்றும். அந்தச் சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். பாதரசமும் மண்ணிலிருந்து எடுப்பதுதான். ஆட்டுக் கம்பளிக்கு வெந்நீரும் சோப்பும் போதும். முயல், பீவர் போன்றவற்றின் மென்ரோமத்துக்குப் போதாது, அது லேசில் சடை பிடிக்காது. பீவருக்காக வட அமெரிக்கக் காடுகளையே அரித்தெடுத்த ஐரோப்பா, அந்த ரோமத்தின் செதிலைச் சொரசொரப்பாக்கப் பாதரச நைட்ரேட்டைத் தடவியது. ரோமத்தின் நுனி காரட் நிறத்துக்கு மாறும். அடைத்த அறைக்குள் அதை ஆவியில் வைத்து வேலை செய்தவர்களுக்குக் கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, மனம் பேதலித்தது. தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன அமெரிக்க ஊர் டான்பரி. அந்த நடுக்கத்துக்கு ஊர்ப்பெயரையே வைத்தார்கள். அமெரிக்காவில் அதை நிறுத்த 1941 டிசம்பர் வரை ஆனது. கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடிய பிறகும் பாதரசம் அந்த மண்ணை விடவில்லை என்பதை அறிந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரியாது. நல்ல தொப்பி என்றால் முதலில் அதைச் செய்த கை நடுங்காமல் இருக்க வேண்டும்.

கடைகளில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் வண்ண வண்ண ஃபெல்ட் தாள்கள் பெரும்பாலும் பாலியஸ்டர். அதற்குச் செதில் கிடையாது. முள் வைத்த ஆயிரம் ஊசிகளால் குத்திக் குத்தி இழையை இழைக்குள் புகுத்துவார்கள். செதிலின் வேலையை ஊசி செய்கிறது.

"நம்ம ஆட்டு மயிர்ல வராதா?"

எதிர்பார்த்த கேள்வி. நானும் இதே ஆசையில், கிடையில் கேட்டு வாங்கிய ஒரு பிடி மயிரை ஒரு முழுப் பகல் சோப்புத் தண்ணீரில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். துடைப்பம் துடைப்பமாகவே இருந்தது. நம் கரிசலில் மேய்கிற கீழக்கரிசல், பொட்டு ஆடு என்கிற வேம்பூர், இரண்டும் செம்மறிதான், ஆனால் மயிர் ஆடு. கம்பளி ஆடு இல்லை. இந்த வெயிலில் கம்பளி சுமந்து ஓர் ஆடு என்ன செய்யும்? அந்த மயிர் நேராக, தடியாக, விறைப்பாக இருக்கும். சுருள் கிடையாது. கறிக்கும் கிடைச் சாணத்துக்கும் வளர்த்த ஆடுகள் அவை.

கம்பளி தருகிற தமிழ்நாட்டு ஆடுகள் மூன்று வகை. கோயம்புத்தூர் குரும்பை, திருச்சி கருப்பு, நீலகிரி. முதல் இரண்டின் கம்பளி முரடு. போர்வைக்கும் விரிப்புக்கும் சரி, தலையில் உறுத்தும். நீலகிரி ஆடு வெள்ளைக்காரன் காலத்தில் மெரினோ போன்ற மேல்நாட்டு ஆடுகள் நம் ஆட்டோடு கலந்து உருவான இனம். ஊட்டி பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே மேய்கிறது பாரத் மெரினோ. அந்த நிறுவனத்தின் தலைமையிடம் அவிகாநகர், நம்தாவுக்குப் பெயர்போன அதே டோங்க் மாவட்டம். மன்னவனூர்ப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நம் ஆட்கள், பின்னால் மேய்வது தொப்பி என்று அறியாமலே இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நூற்க முடியாத குட்டை இழைகூட ஃபெல்டுக்கு ஆகும். தக்காணத்தில் முரட்டுக் கம்பளிக்கு வாங்க ஆளில்லாமல் வெட்டிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற இடையர்கள் இருக்கிறார்கள். தறிக்குப் பயன்படாததை எடுத்துக்கொள்ளும் தொழில் ஒன்று இருக்கிறது என்பதாவது தெரிய வேண்டாமா? காஷ்மீரில் நம்தா அழிந்துகொண்டே வந்து, 2021-ல் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். 2023-ல் அங்கிருந்து ஒரு சரக்கு இங்கிலாந்துக்குப் போனது. ஒரு தொப்பிக்கு ஏறத்தாழ 100 கிராம் கம்பளி, ஒரு வாளி வெந்நீர், ஒரு பாய், ஒரு மர அச்சு. கரண்ட் நின்றாலும் நிற்காத வேலை.

டீ ஆறிவிட்டது. மாஸ்டர் வேறு போட்டுக் கொடுத்தார். அண்ணாச்சி குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓர் இழையைப் பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. வெட்டினால் ஓரம் பிரியுமா என்றார். பிரியாது, மடித்துத் தைக்கவே வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஓரம் பிரியாத துணி என்றால் நெசவுக்காரருக்கு அதன் மதிப்பு தெரியும்.

"ஆவி காட்டுனா சொன்னபடி கேக்கும்னீயே."

"ஒரு விரல் அகலம் கேக்கும். அதுக்குமேல கேக்காது."

எழுந்து பாய்லர் பக்கம் போனார். மாஸ்டர் குழாயைத் திறந்து கொஞ்சம் ஆவியை விட்டார். குல்லாயை அதன்மேல் பிடித்து, நனைந்து இளகும்வரை திருப்பித் திருப்பிக் காட்டினார் அண்ணாச்சி. சூடு பொறுக்காமல் கை மாற்றினார். கடையில் தண்ணீர் மோந்து வைக்கிற பித்தளைச் சொம்பைக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தில் குல்லாயை மாட்டி, பாவு இழுக்கிற விரல்களால் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்தார். ஒரு பக்கமாக இழுக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. பிறகு சொம்போடு வெயிலில் கொண்டுபோய் வைத்தார்.

பேரன் தலை அந்தச் சொம்பின் அளவு இருக்கும் என்றார்.